கூடக்குறையப் பத்து நிமிடம்

அத்தியாயம் ஏழு

நான்காவது முறையும் கார் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது.

“என் மாமியார் சிரிக்கிற மாதிரியே இருக்கு, மிஸ்,” என்றான் நெவில் பிரிக்ஸ். “வர்ற மாதிரி இருக்கும். வராது.”

துப்பறியும் பெண்மணி ஹெஸ்டர் கார்சைடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கெல்பி தீவையும் வார்ன்பி கரையையும் சேர்க்கும் இரண்டு மைல் தார்ச்சாலை கால் மணி நேரத்துக்கு முன்புவரை காய்ந்து கிடந்தது. இப்போது அதன் இரண்டு ஓரங்களையும் காணவில்லை. அலை இல்லை, இரைச்சல் இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர் திருடனைப் போல மணலில் ஊர்ந்து வந்து, சாலை மீது ஏறிக்கொண்டிருந்தது.

“பின்னாடி திரும்பி ஓடிடலாமா?”

“ஒரு மைல் ஓடணும். நீ பஸ் கண்டக்டரா இருந்தப்பவே படி ஏறினா மூச்சு வாங்குவே. மேல ஏறு.”

மேலே என்றால் பெட்டி. சாலையின் நட்டநடுவில், பன்னிரண்டு மரக்கால்கள் மீது, ஒரு பெரிய புறாக்கூண்டு மாதிரி நிற்கும் அறை. கடலிடம் சிக்கிக்கொள்கிற முட்டாள்களுக்காகக் கட்டியது. ஏணிப் படிகள், ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே ஏறிவிட்டால் தண்ணீர் வடியும்வரை ஐந்து மணி நேரம் இறங்க முடியாது. டெலிபோன் வைக்கிறோம் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

கத்பர்ட் ரென்ஷா. தீவுப் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியார். இப்போது ஓய்வு, சர்ச்சின் மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர். தீவின் பழஞ்சொற்களைத் தொகுத்து அவர் போட்ட புத்தகத்தைப் பற்றிப் பல்கலைக்கழகக்காரர்களே பேசுவார்கள். இன்று மதியம் கரைக்குப் போக ஹெஸ்டரின் வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டவர், பெட்டிக்குக் கீழே வந்ததும், “ரெண்டே நிமிஷம். கம்பளி எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வந்துடறேன், இது என் பொறுப்பு,” என்று ஏணியில் ஏறியிருந்தார். ஹெஸ்டர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். திரும்பக் கிளப்பும்போதுதான் வண்டி இருமியது.

உண்மையில் அது ஹெஸ்டரின் வண்டி இல்லை. நெவிலின் வண்டி. பதினெட்டு மாதம் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது. ஏணியில் ஏறும்போது அவன் மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை சக்கரத்தின் பாதி வரை தண்ணீர்.

“போயிட்டு வரேன்டா ராஜா,” என்றான் காரைப் பார்த்து.

*

ஹெஸ்டரின் உதவியாளான நெவிலுக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை, ஆம்ப்ரோஸ் வெல்பி என்ற எழுபத்துநான்கு வயது மனிதர் தீவிலிருந்து கரைக்கு நடந்தே புறப்பட்டார். பாதி வழியில் கடல் மூடிக்கொண்டது. பெட்டியை எட்ட முந்நூறு கஜம் இருக்கும்போது மூழ்கிவிட்டார். கோட்டுப் பையில் ஒரு டைப் அடித்த துண்டுச் சீட்டு. தண்ணீரில் ஊறியும் எழுத்து தெரிந்தது: பாதை பன்னிரண்டு நாற்பது வரை பத்திரம், கூடக்குறையப் பத்து நிமிடம். கீழே எம்.எல். என்ற இரண்டெழுத்து.

அன்றைக்குப் பாதை மூடிய நேரம் பதினொன்று நாற்பது.

எம்.எல். என்றால் மோரீன் லிடல். தீவின் தபால் நிலையத்தை நடத்துகிறவள். வாரா வாரம் பாதை திறக்கும் நேரம், மூடும் நேரத்தை டைப் அடித்துப் பலகையில் ஒட்டுவது பதினோரு வருடமாக அவள் வேலை. தீவில் இருப்பதோ ஒரே டைப்ரைட்டர், சர்ச் கூடத்தில். போன மாதம்தான் ஏதோ பார்சல் விஷயமாக வெல்பி அவளை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். புதன்கிழமை மோரீனைப் பிடித்துக்கொண்டு போய் வார்ன்பி காவல் நிலையத்தில் அடைத்துவிட்டார்கள்.

இன்று காலை ஹெஸ்டர் மட்டும் அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. திரும்பி வரும்போது ஹெஸ்டர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அந்தச் சீட்டு அவ அடிச்சது இல்ல, நெவில். அதுல இருக்கிறது ‘கிவ் ஆர் டேக்’. மோரீன் ஜென்மத்துல அப்படி எழுதினதே இல்லையாம்.”

இங்கிலீஷில் ‘கிவ் ஆர் டேக்’ என்றால் நாம் சொல்கிற கூடக்குறைய. ஐந்து, பத்து இப்படி அப்படி இருக்கலாம் என்று அர்த்தம். நடுவில் நிற்கிற ‘ஆர்’ என்ற பொடிச்சொல்லை எடுத்துவிட்டு ‘அண்ட்’ போட்டால் அது வேறு சங்கதி: நீ கொஞ்சம் விட்டுக்கொடு, நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்கிற சமாதானப் பேச்சு. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட மோரீன் பதினோரு வருடமாக, வாரம் தவறாமல், ‘கிவ் அண்ட் டேக் பத்து நிமிடம்’ என்றே அடித்துக்கொண்டிருந்தாள்.

“கடல் பத்து நிமிஷம் விட்டுக்கொடுக்கும்னு!” என்று நெவில் சிரித்தான். “ஊர்ல ஒருத்தர்கூடக் கேக்கலையா?”

“படிக்கிறவங்க எல்லாம் சரியான சொல்லைத்தான் படிச்சாங்க. கண்ணு தானாத் திருத்திக்கும். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். ஒரு குட்டிச் சொல்லுக்காக ஒருத்தியை வெளிய விட முடியாது, காகிதத்தைக் கொண்டு வாங்கங்கறார்.”

காகிதத்தைத் தேடித்தான் தீவுக்கு வந்தார்கள். பலகையில் பழைய தாள் இருக்காது. புதிது ஒட்டும்போது கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் சர்ச் பத்திரிகையில் போடுவதற்காக ஒவ்வொரு வாரமும் மோரீன் ரென்ஷாவிடம் ஒரு பிரதி கொடுப்பாள். அவர் அதைக் கோப்பில் வைத்திருப்பார்.

வைத்திருந்தார். இந்த வருடத்து முப்பத்துநான்கு தாள்களையும் பவ்யமாக எடுத்துக் கொடுத்தார். முப்பத்துநான்கிலும் ‘கிவ் ஆர் டேக்’. ஒன்றில்கூடத் தப்பு இல்லை.

நெவில் தாள்களை மறுபடி புரட்டினான். மோரீன் பொய் சொல்லியிருக்கிறாள். “வேற எங்கயும் ஒட்ட மாட்டாங்களா, சார்?” என்று சும்மாதான் கேட்டு வைத்தான்.

“எங்கயும் இல்லை,” என்றார் ரென்ஷா. ஒரு கணம் நின்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, “கரைக்குத்தானே போறீங்க? எனக்கும் அங்க கொஞ்சம் வேலை இருக்கு,” என்றார்.

*

பெட்டிக்குள் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆளுக்கு இடம் இல்லை. ஒரு பெஞ்சு, பிஸ்கட் டின், மூலையில் மடித்து அடுக்கிய கம்பளிகள். ரென்ஷா கம்பளி அடுக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“வண்டி கிளம்பலையா? அடடா. ஒரு பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருந்தா...”

“உங்களுக்காகத்தான் நின்னோம், சார்,” என்றான் நெவில். “எத்தனை கம்பளி?”

“என்னது?”

“எண்ணத்தானே ஏறினீங்க.”

“ஆங். ஆறு. ஏழு.”

“வாத்தியாரே கூடக்குறையச் சொல்றாரு, மிஸ்.”

நெவில் ஜன்னல் பக்கம் போனான். காரின் கூரை மட்டும் ஒரு மேஜை மாதிரி தெரிந்தது. சுற்றிலும் தண்ணீர். தீவும் தண்ணீருக்கு அப்பால், கரையும் தண்ணீருக்கு அப்பால். தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழே கடல் நகர்வது தெரிந்தது. மரக்கால்கள் மெல்ல முனகின. இந்தச் சுவர்கள் ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்து வருவது போல அவனுக்கு ஒரு மூச்சுமுட்டல். பார்வையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் கவனித்தான். கதவுக்குப் பக்கத்தில், பழுப்பேறிய சுவரின் நடுவே, ஒரு சதுரம் மட்டும் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு ஆணித் துளைகள். ஒரு துளையில் மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

“மிஸ், இங்க ஒரு படம் மாட்டியிருந்திருக்கு.”

“படம் இல்ல,” என்றார் ஹெஸ்டர். பெஞ்சில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “ஏப்ரல் மாசம் பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சப்ப மோரீன் ‘அண்ட்’ போட்ட ஒரு நேரத்தாளைக் கண்ணாடி போட்டு மாட்டினா. காலையில சொன்னா. அது இப்ப கம்பளிக்கு அடியில இருக்கு. எழுந்திருக்கறீங்களா, மிஸ்டர் ரென்ஷா?”

ரென்ஷா எழுந்திருக்கவில்லை. அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்ததால் கண்கள் தெரியவில்லை.

“நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியலை, மேடம்.”

“அந்த முப்பத்துநாலு தாள். ஜனவரித் தாளும் ஆகஸ்ட் தாளும் ஒரே கறுப்பு. ஒரே ரிப்பன், ஒரே மூச்சுல அடிச்சது. அதுகூடப் போகட்டும். மோரீன் எங்கிட்ட இன்னொண்ணும் சொன்னா. வெள்ளிக்கிழமை தாளைக் கொண்டு வந்து கொடுத்தா, அவ முன்னாடியே நீங்க சிவப்புப் பென்சிலை எடுத்து ‘அண்ட்’டை அடிச்சுட்டு ‘ஆர்’னு எழுதுவீங்களாம். ஒவ்வொரு வாரமும். பதினோரு வருஷம். அவளும் வீம்புக்கு அடுத்த வாரம் அதையே அடிப்பாளாம். நீங்க கொடுத்த கோப்புல ஒரு சிவப்புக் கோடு இல்லையே.”

நெவில் ஹெஸ்டர் பக்கம் திரும்பினான். “இதை எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா உன் மூஞ்சி அவருக்குச் சொல்லியிருக்கும்.”

“அந்தக் கோப்புத் தாளெல்லாம் நீங்க மாத்தாம விட்டிருந்தீங்கன்னா,” என்று ரென்ஷாவின் பக்கம் திரும்பினார் ஹெஸ்டர், “மோரீன் வெளிய வந்திருப்பா. அவ்வளவுதான். சரியா எழுதத் தெரிஞ்சவங்க தீவுல நூத்தம்பது பேர். உங்களை யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. மாத்தினது நீங்க ஒருத்தர்தான்.”

ரென்ஷா எழுந்தார். கையில் கண்ணாடிச் சட்டம். கம்பளி அடுக்கு சரிந்தது. யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் கதவைத் திறந்துகொண்டு, ஏணியின் உச்சியில் இருந்த சின்னப் பலகை மேடையில் போய் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பி இடுப்பு உயரம்கூட இல்லை. காற்று உள்ளே பாய்ந்து ஹெஸ்டரின் தேநீரைக் கொட்டியது.

“கிட்ட வராதீங்க! இதை எறிஞ்சுட்டா உங்ககிட்ட ஒண்ணும் இல்லை.”

“இல்லைதான்,” என்றார் ஹெஸ்டர். அசையவே இல்லை. “எறிங்க. அப்புறம்? நாலே முக்கால் மணி நேரம் நாம மூணு பேரும் இங்கதான்.”

“கார் மட்டும் ஓடியிருந்தா...”

“கார் நல்லாத்தான் ஓடும். சாவியை நான் பாதிதான் திருப்பினேன்.”

“மிஸ்,” என்றான் நெவில். “அது என் கார்.”

“தெரியும், நெவில். கரையில இறங்கியிருந்தா இவர் ஒரு வக்கீலைப் பிடிச்சிருப்பார். போக இடமே இல்லாத மனுஷன்தான் பேசுவான்.”

அதற்குப் பிறகு ஹெஸ்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். “நீங்க மோரீன் மாதிரிதானே அடிக்கணும்? அவ எப்படி எழுதுவான்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஏன் சரியா அடிச்சீங்க?”

ரென்ஷா கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். கேட்டது கொலையைப் பற்றியதாக இருந்தால் அவர் சமாளித்திருப்பார் என்று நெவிலுக்குத் தோன்றியது.

“முதல்ல ‘அண்ட்’னுதான் அடிச்சேன். அவளை மாதிரியே. தாளை உருவிப் பாத்தேன். என் கையால ஒரு தப்பு... அதைப் பாத்துட்டு உக்கார முடியலை என்னால. நாற்பது வருஷம் பசங்க முட்டியில அடிச்சுத் திருத்தினவன். கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி அடிச்சேன். யாரு கவனிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.” சிரிக்கப் பார்த்தார். “கவனிக்கிறவன் தீவுலயே நான் ஒருத்தன்தானே.”

“வெல்பி என்ன செஞ்சார் உங்களை?”

“ஒண்ணும் செய்யலை. அவரோட தங்கச்சி எடித் என்கூட அந்தப் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தா. வீடு வீடாப் போய்ச் சொல் சேத்தது அவ. இருபத்திரண்டு நோட்டு. காய்ச்சல்ல போயிட்டா. நோட்டெல்லாம் எங்கிட்ட இருந்துச்சு. நான்... என் பேர்ல போட்டேன். வெல்பிக்கு அவ எழுதின பழைய கடிதம் ஒண்ணு பரண்ல கிடைச்சிருக்கு. அதுல பாதிச் சொல் இருந்தது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே சர்ச்சுல சொல்லிடு, நான் சத்தம் போட மாட்டேன்னார். ரொம்ப மரியாதையாச் சொன்னார்.” தண்ணீரைப் பார்த்தார். “மோரீன் கொடுத்தனுப்பினான்னு சீட்டை என் கையாலயே கொடுத்தேன். என் வீட்டு ஜன்னல்லேருந்து இந்தப் பாதை முழுக்கத் தெரியும். நின்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவை அவர் திரும்பிப் பாத்தார்.”

அவர் கால் ஒன்று கைப்பிடிக் கம்பிக்கு வெளியே போனது.

நெவில் யோசித்தான் என்று பின்னால் யாராவது சொன்னால் அவனே நம்பமாட்டான். அவன் பாய்ந்தபோது கண்முன் இரண்டு விஷயம் இருந்தன: விரல்கள் நழுவவிட்ட கண்ணாடிச் சட்டம், அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய ட்வீட் கோட்டின் காலர். சட்டம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. காலர்தான் தள்ளி இருந்தது. அவன் காலரைப் பிடித்தான்.

சட்டம் ஒருமுறை கம்பியில் மோதிக் கண்ணாடி தெறித்தது. தாள் தனியாகப் பறந்து, தண்ணீரில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மிதந்து, சுழன்று, காணாமல் போனது.

ஹெஸ்டரும் வந்து ஒரு கையைப் பிடிக்க, இருவருமாக ரென்ஷாவை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவர் ஒரு மூட்டையைப் போலத் தரையில் கிடந்தார். நெவில் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

“விட்டுட்டேன், மிஸ்,” என்றான். “நம்மகிட்ட இருந்த ஒரே காகிதம்.”

“பாத்தேன்.”

“திட்டுங்க.”

“திட்டினா அடுத்த தடவை காகிதத்தைப் பிடிப்பே,” என்றார் ஹெஸ்டர். கைக்குட்டையை எடுத்து அவன் முழங்கையில் கட்டினார்.

*

அந்த ஐந்து மணி நேரத்தை நெவில் பிற்பாடு யாரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை. ஒரு சின்ன அறை, நனைந்த கம்பளியின் வாடை, பலகைக்கு அடியில் ஓயாத தண்ணீர். ஒரு கொலைகாரனுக்கு முன்னால் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான். ரென்ஷா சொன்னதைச் சாட்சி சொல்லலாம்தான். நீங்களாகக் கட்டிய கதை என்று அவர் நாளைக்குத் தலையை ஆட்டிவிட்டால்? பட்டணத்திலிருந்து வந்த ஒரு துப்பறியும் பெண்மணி, ஒரு பழைய பஸ் கண்டக்டர். எதிரே நாற்பது வருட வாத்தியார். காவல் நிலையத்து அறையில் இருக்கும் மோரீனுக்கு ஜன்னல்கூட இல்லை என்று ஹெஸ்டர் காலையில் சொல்லியிருந்தார். நெவில் பிஸ்கட் டின்னைத் திறந்தான். யாருக்கும் நீட்டத் தோன்றாமல் மூடினான். கடைசியில் ஒன்றை எடுத்து ரென்ஷாவின் கையில் வைத்தான். அவர் அதைக் கடிக்காமல் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

“நோட்டுகளை எரிக்கலை,” என்றார் திடீரென்று, யாரும் கேட்காமல். “எரிக்கத்தான் அடுப்புகிட்ட கொண்டு போனேன். எடித்தோட கையெழுத்து அழகா இருக்கும். என் மேஜைக்கு அடியில இருக்கு. ஈரம் படாமப் பாத்துக்கச் சொல்லுங்க.”

ஏழேகால் மணிக்குச் சாலை தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டியது. வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. காரைக் கடந்து போகும்போது நெவில் உள்ளே பார்க்கவில்லை. ரென்ஷா முன்னால் நடந்தார், அவர்கள் இருவரும் பத்தடி பின்னால். ஓடவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.

வார்ன்பி காவல் நிலையத்தில் சார்ஜென்ட் ஒருவர் மேஜைக்குப் பின்னால் நாக்கைத் துருத்திக்கொண்டு வாக்குமூலத்தை எழுதினார். ரென்ஷா நிதானமாகச் சொல்லச் சொல்ல, பேனா நொண்டி நொண்டிப் போனது. முடித்ததும் மூன்று பக்கத்தையும் அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க, சார்.”

ரென்ஷா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். நெவில் அவர் தோளுக்குப் பின்னால் நின்றான். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற தப்புகள். ‘வெல்பி’யில் ஓர் எழுத்து குறைவு. ஒரு முழுப் பக்கத்தில் ஒரே ஒரு நிறுத்தக்குறி. முதல் வரியில் அவருடைய பெயரையே சார்ஜென்ட் தப்பாக எழுதியிருந்தார். படித்து முடித்தவர் பேனாவைக் கையில் எடுத்து, அந்த முதல் வரிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். முள் காகிதத்தைத் தொட ஒரு நூலளவு இருந்தது. ஹெஸ்டர் பேனாவையே பார்த்தார். இவர் இப்போது ஒரு வார்த்தை மாற்றினால் அடுத்த வார்த்தையும் மாறும். அதற்கு அடுத்ததும்.

பக்கத்து அறையில் சாவிக்கொத்து குலுங்கியது. யாரோ ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். மோரீனின் குரல்.

ரென்ஷா ஒரு தப்பைக்கூடத் திருத்தவில்லை. பேனாவைக் கீழே கொண்டுவந்து, மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடியைத் திருகி மூடினார்.

“அந்தப் பொண்ணை வெளிய விடுங்க,” என்றார்.